முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று

இரண்டு வருடங்களுக்கு முன், ஐப்பசி மழை கொஞ்சம் ஓய்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது. தாம்பரத்தைத் தாண்டி, ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு பொறியியல் கல்லூரியில் மத்திய அரசு வேலைக்கான கம்ப்யூட்டர் தேர்வு. எழுதப் போனது நான் இல்லை. எழுதுகிற ஒரு பெண்ணுக்குக் கையாகப் போயிருந்தேன்.

நான் செம்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். வீட்டைப் பார்த்துக்கொள்வதுதான் வேலை. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருநாள் யாரோ ஒரு செய்தியை அனுப்பியிருந்தார்கள். பார்வை இல்லாத ஒரு பெண்ணுக்கு ஸ்க்ரைப் வேண்டும், அதாவது கேள்வியைப் படித்துக் காட்டி, அவள் சொல்கிற விடையைக் குறிக்க ஓர் ஆள். அந்த ஆள் தேர்வு எழுதுபவரைவிடக் குறைவாகப் படித்தவராக இருக்க வேண்டும், டிகிரி முடித்திருக்கக் கூடாது. எங்கள் குடியிருப்பில் எல்லோரும் டிகிரிக்கு மேலே. 'ஸாரி'யும் கைகூப்பும் பொம்மைகளும் வரிசையாக வந்து விழுந்தன. நான் பி.எஸ்ஸி. கணிதம் சேர்ந்து முதல் வருடத்தோடு நின்றவள். அப்பா போனதும் படிப்பு நின்றது, கல்யாணம் நடந்தது. அதைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எழுந்து சமையலறைக்குள் போய்விடுவேன். அன்றைக்கு முதல் முறையாக அந்தப் பாதிப் படிப்பு ஒரு தகுதியாகத் தெரிந்தது. 'நான் வருகிறேன்' என்று பதில் போட்டேன்.

தேர்வுக்கு முந்தின வாரம் அந்தப் பெண் என்னைப் படப்பைக்கு வரச் சொன்னாள். கடைத்தெருவுக்குப் பின்னால் சின்ன வீடு. அவளும் அம்மாவும் மட்டும்தான். அம்மாவுக்கு ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை. பெண்ணுக்கு இருபத்து நான்கு வயது இருக்கும். எட்டாவது படிக்கும் வரை பார்வை இருந்திருக்கிறது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, பத்தாவது முடிவதற்குள் முழுவதும் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் பிளஸ் டூவும் பி.ஏ. வரலாறும் முடித்திருக்கிறாள். கணக்கை மட்டும் விடவே இல்லையாம். போனில் பாடங்களைக் கேட்டுக் கேட்டுத் தானாகவே படித்திருக்கிறாள்.

உட்கார்ந்ததும் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"அக்கா, நம்பர முந்நூத்தி நாப்பத்தி ரெண்டுன்னு படிக்காதீங்க. மூணு, நாலு, ரெண்டுன்னு தனித்தனியா சொல்லுங்க. கேள்விய ரெண்டு தடவ படிங்க. ரெண்டு தடவையும் ஒரே மாதிரி படிங்க. ஈஸிதான், கஷ்டமா இருக்குன்னு எதுவும் சொல்லாதீங்க. உங்க குரல்ல பதில் வரக் கூடாது."

சரி என்றேன். பழைய கேள்விகளைப் படித்துக் காட்டினேன். சதவீதம், வட்டி, வேகம் எல்லாம் அவள் மனதுக்குள்ளேயே ஓடிவிடும். பகா எண் பற்றிய கேள்வி வந்தபோதுதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாத எண்தான் பகா எண். காலேஜில் இருந்த அந்த ஒரு வருடத்தில் எனக்கு மிகவும் பிடித்துப்போன பாடம் அது.

அவளுடைய முறை இது. எண்ணைக் கேட்டதும் அதற்குப் பக்கத்தில் எந்த வர்க்கம் இருக்கிறது என்று பார்ப்பாள். நானூறுக்குக் கீழே என்றால், இருபது இருபது நானூறு. ஆகவே இருபதுக்குள் இருக்கும் பகா எண்களால் மட்டும் வகுத்துப் பார்த்தால் போதும். இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று, பதின்மூன்று, பதினேழு, பத்தொன்பது. ஒரு விரலுக்கு இரண்டாக நான்கு விரலில் எட்டையும் வைத்துக்கொண்டு, கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தொட்டபடி முணுமுணுப்பாள். எதிலும் சிக்கவில்லை என்றால் பகா எண்.

"எனக்கு இந்த பிரைம் நம்பர்தான்க்கா ரொம்பப் பிடிக்கும்" என்றாள்.

ஏன் என்று கேட்டேன்.

"மூஞ்சப் பாத்து யாரும் சொல்ல முடியாது இல்ல? தொண்ணூத்தொண்ணு பாக்க பிரைம் மாதிரியே இருக்கும். கிடையாது, ஏழு பதிமூணு. கண்ணு இருக்கறவங்களும் வகுத்துத்தான் பாக்கணும், நானும் வகுத்துத்தான் பாக்கணும்."

அன்று பஸ்ஸில் திரும்பும்போது இதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

தேர்வு நாள் காலையில் அம்மாவும் பெண்ணும் எனக்கு முன்பே வந்து கல்லூரி வாசலில் நின்றிருந்தார்கள். அம்மா வெளியே மரத்தடியில் உட்கார்ந்துகொள்ள, நாங்கள் இருவரும் உள்ளே போனோம். எங்களைப் போல ஸ்க்ரைபோடு வந்தவர்களுக்குத் தனி அறை. ஒருவர் படிப்பது மற்றவருக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாது என்று தள்ளித் தள்ளி உட்கார வைத்தார்கள். எங்களுக்குக் கிடைத்தது மூலையில் ஒரு கம்ப்யூட்டர். மவுஸ் என் கையில். அவள் என் இடது பக்கம், காதை என் பக்கம் சாய்த்தபடி.

ஆரம்பம் நன்றாகவே போனது. நான் படிப்பேன், அவள் கொஞ்ச நேரம் முணுமுணுப்பாள், "மூணாவது" என்பாள், நான் கிளிக் செய்வேன். அந்தச் சத்தம் கேட்டதும் "அடுத்தது" என்பாள்.

பாதியில் மேற்பார்வையாளர் எங்கள் பக்கம் வந்தார். நடுத்தர வயது, சாந்தமான முகம். என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, குனிந்து என்னிடம் மட்டும் பேசினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளைப் பார்க்கவே இல்லை.

"என்ன மேடம், இந்தப் பொண்ணு கணக்கெல்லாம் போடுமா? நீங்களே பாத்துப் போட்டு விட்டுருங்க. நாங்க கண்டுக்க மாட்டோம். பாவம்."

சத்தியமாகச் சொல்கிறேன், அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உதவுகிறோம் என்று நினைத்துத்தான் சொன்னார், சிரித்துக்கொண்டே நகர்ந்தும் போனார். ஆனால் அவள் கேட்டுவிட்டாள். மேஜை மேல் விரித்து வைத்திருந்த கை மெல்ல மூடிக்கொண்டது. இவளுக்கு வேலை கிடைத்தே ஆக வேண்டும் என்று ஒரு வெறி அந்த நிமிஷம் எனக்குள் வந்தது.

"அடுத்தது படிங்கக்கா" என்றாள். குரலில் எதுவும் தெரியவில்லை.

ஒன்றிரண்டு கேள்வி தாண்டியதும் அது வந்தது. கீழ்க்கண்டவற்றில் பகா எண் எது? 377, 391, 403, 397. ஒவ்வொரு இலக்கமாக, இரண்டு முறை படித்தேன்.

கட்டைவிரல் விரல்கள் மேல் நகர ஆரம்பித்தது. முதல் எண்ணைப் பதின்மூன்றில் பிடித்துவிட்டாள். பதின்மூன்றை இருபத்தொன்பது தடவை பெருக்கினால் 377. அது போயிற்று. அடுத்து 391. இரண்டு இல்லை, மூன்று இல்லை, ஐந்து இல்லை. ஏழில் ஆறு மீதி. பதினொன்று இல்லை. பதின்மூன்றில் ஒன்று மீதி. பதினேழுக்கு வந்தாள். "பதினேழு இருபது முந்நூத்தி நாப்பது... மிச்சம் அம்பத்தொண்ணு..." ஒரு கணம் நின்றாள். "போகாது" என்றாள். பத்தொன்பதில் பதினொன்று மீதி. "ரெண்டாவது ஆப்ஷன் போடுங்கக்கா. பிரைம்."

ஐம்பத்தொன்று பதினேழால் போகும். மூன்று பதினேழு ஐம்பத்தொன்று. ஆகவே 391 பகா எண் இல்லை, பதினேழு தடவை இருபத்துமூன்று. என் மனது அவளோடு சேர்ந்தே வகுத்துக்கொண்டு வந்திருந்ததால் எனக்கு உடனே தெரிந்துவிட்டது. வேறொரு நாளாக இருந்தால் அவளும் விட்டிருக்க மாட்டாள். அந்த ஆள் சொன்னது அவள் காதில் இன்னும் இருந்திருக்கும்.

நான் எதுவும் சொல்லவில்லை. ஆனால் என் விரல் மவுஸில் அப்படியே நின்றுவிட்டது. வேண்டுமென்று நிறுத்தவில்லை. அது நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

"அக்கா?"

"ம்."

"கிளிக் சத்தம் கேக்கல."

மவுஸ் வேலை செய்யவில்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அதுகூட வரவில்லை. அவள் முகம் திரையின் பக்கம் அப்படியே இருந்தது. கட்டைவிரல் மறுபடி நகர்ந்து, பதினேழு இருக்கும் விரலில் போய் நின்றது. அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. அப்பாடா, பிடித்துவிட்டாள் என்று எனக்கு மூச்சு வந்தது.

"ரெண்டாவதே போடுங்க" என்றாள்.

என்னையும் மீறி, "நிச்சயமா?" என்று கேட்டுவிட்டேன்.

"ரெண்டாவது." அந்தக் குரலில் அவள் அதுவரை என்னோடு பேசியதில்லை.

கிளிக் செய்தேன். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கிற தேர்வு அது. அதற்குப் பிறகு இருந்த கேள்விகளை எப்படிப் படித்தேன் என்று எனக்கு நினைவில்லை.

முடிந்து வெளியே வந்தோம். அவள் என் முழங்கைக்கு மேலே லேசாகப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அவள் அம்மா தூரத்திலிருந்தே எங்களைப் பார்த்துவிட்டு, சாப்பாட்டு டப்பாவைப் பையிலிருந்து எடுத்துக்கொண்டு எதிரே வந்தாள்.

"மூணு பதினேழு அம்பத்தொண்ணு. இல்லக்கா?" என்றாள் பெண்.

நான் நின்றுவிட்டேன். "அப்ப உனக்குத் தெரிஞ்சுதா?"

"நீங்க நிறுத்தினதும் தெரிஞ்சிடுச்சு."

அம்மா பக்கத்தில் வந்துவிட்டிருந்தாள். "இன்னாது? இன்னா தெரிஞ்சுது?"

பெண் மறைக்கவில்லை, அப்படியே சொல்லிவிட்டாள். அந்த அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். டப்பாவை மறுபடி பைக்குள் திணித்தாள்.

"தப்புன்னு தெரிஞ்சேவா தப்பா போட்டுட்டு வந்துகீற? உன்னக் கூட்டிகினு எத்தினி ஊரு, எத்தினி பரிச்ச... எனக்கப்புறம் உன்ன யாருடி பாப்பா? அத்த நென்ச்சியா?" என்று கத்தினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீயாச்சும் சொல்லிகீலாமேம்மா. வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னா இன்னா, கொறஞ்சா பூடுவ?"

சுற்றி நின்றவர்கள் பார்த்தார்கள். பெண்தான் பேசினாள், தணிந்த குரலில், அம்மாவைப் பார்த்தா என்னைப் பார்த்தா என்று சொல்ல முடியாத மாதிரி.

"காலேஜ்ல ஒரு பரீட்சையில மிஸ் என் பேப்பர எடுத்து கிளாஸ்ல படிச்சாங்க. ரொம்ப நல்லா எழுதியிருக்கேன்னு சொன்னாங்க. அவங்க படிச்ச பாரா நான் சொன்னதே இல்ல. எழுத வந்தவங்க அவங்களா சேர்த்து எழுதியிருக்காங்க. எல்லாரும் கை தட்டினாங்க. அன்னிலேருந்து என் மார்க் ஷீட்ல எது என்னது, எது அடுத்தவங்களுதுன்னு எனக்கே தெரியலமா. உள்ள ஒருத்தர் சொன்னாரு, அக்காவையே போட்டுக்கச் சொல்லி. நான் வேலைக்குப் போயி உக்காந்தாலும் அப்படித்தான் சொல்வாங்க. சொல்லிட்டுப் போகட்டும். எனக்காவது தெரியணும் இல்ல? தப்புன்னாலும் அது நான் போட்டதா இருக்கணும்."

அம்மா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பஸ் வந்தது. பெண்ணின் கையைக் கொஞ்சம் முரட்டுத்தனமாகவே பிடித்து ஏற்றிவிட்டு, தானும் ஏறிக்கொண்டாள். சாப்பாட்டு டப்பாவை யாரும் திறக்கவில்லை.

சில மாதம் கழித்து முடிவு வந்தது. அவளே போன் செய்தாள். "போச்சுக்கா. ஒரு மார்க்குக்கும் கம்மியான வித்தியாசத்துலதான்."

போனை வைத்ததும் நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். போடாமல் இருக்க முடியவில்லை. அந்த ஒரு கேள்வி சரியாக இருந்திருந்தால் தாண்டியிருப்பாள். இரவு என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அது அந்தப் பொண்ணோட பிடிவாதம். நீ என்ன செய்வ?" என்றார். அதில் எனக்கு ஆறுதல் கிடைக்கவில்லை.

மறுநாள் முழுக்க இதையே திருப்பித் திருப்பி யோசித்தேன். நான் நிறுத்தாமல் கிளிக் செய்திருந்தாலும் அந்த விடை தவறுதான், வேலையும் போயிருக்கும்தான். அப்படியானால் நான் என்ன கெடுத்தேன்? பல நாள் கழித்துத்தான் புரிந்தது. நிறுத்தாமல் இருந்திருந்தால் அவள் தெரியாமல் ஒரு தவறு செய்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பாள். நான் நிறுத்தியதால், தெரிந்தே அந்தத் தவறைச் செய்ய வேண்டியதாயிற்று. விடையைக் கையில் கொடுத்துவிட்டு, அதை அவளே தள்ளிவிடும்படி செய்தது நான். அதோடு அம்மாவின் கண்ணீரையும் அவளே சுமந்தாள். அன்றைக்கு அந்த மேற்பார்வையாளர் மேல் எனக்கு எவ்வளவு கோபம்! ஆனால் என் விரல் செய்ததும் அவர் சொன்னதைத்தான்.

இனி அவள் என்னைக் கூப்பிட மாட்டாள் என்றுதான் நினைத்தேன். அடுத்த தேர்வு அறிவிப்பு வந்ததும் கூப்பிட்டாள்.

"வேற யாரையாவது பாரேன்மா" என்றேன். "எனக்குப் பயமா இருக்கு."

"இதுக்கு முன்னாடி எழுத வந்தவங்க எல்லாம் வாயாலயே சொல்லிட்டாங்கக்கா. உங்களுக்குக் கை மட்டும்தான் நின்னுச்சு. பழகிக்கலாம், வாங்க."

ஞாயிற்றுக்கிழமைகளில் படப்பைக்குப் போக ஆரம்பித்தேன். அவள் எனக்கு வைத்த பயிற்சி விசித்திரமானது. நான் பழைய கேள்விகளைப் படிப்பேன். நடுநடுவே வேண்டுமென்றே தவறான விடை சொல்வாள். நான் தயங்காமல் கிளிக் செய்ய வேண்டும். ஒரு நொடி தாமதித்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். கேட்க எளிதாக இருக்கிறது. ஒருவர் தவறுவது கண்ணெதிரே தெரியும்போது கையைச் சும்மா விடுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கிளிக் செய்தால் மூச்சு இழுத்துவிடுவேன். மூச்சை அடக்கினால் நாற்காலி கிறீச்சிடும். "தப்புன்னு சொல்லிட்டீங்கக்கா" என்பாள். முதல் வாரங்களில் என்னோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்த அவள் அம்மா, கொஞ்ச நாளில் காய் நறுக்கிக்கொண்டே எங்களைப் பார்க்க ஆரம்பித்தாள். நான் மாட்டிக்கொள்ளும்போது, "இன்னாம்மா, மறுக்கா மாட்டிகினியா?" என்று சிரிப்பாள்.

பயிற்சி முடிந்ததும் டீ வரும். அந்த நேரத்தில் நான் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். இருபதால் பெருக்கிய பிறகு வரும் மீதியையும் அதே எண்ணால் ஒருமுறை சோதித்துவிட வேண்டும் என்று சொன்னேன். ஐம்பத்தொன்று, ஐம்பத்தேழு, எண்பத்தேழு என்று பகா எண் போல ஏமாற்றும் எண்களை அவளும் நானும் மாறி மாறிக் கேட்டுக்கொள்வோம். சில நேரம் நான் தோற்பேன். எத்தனையோ வருடம் கழித்து, யாரோடாவது கணக்கைப் பற்றிப் பேச முடிந்தது.

அடுத்த தேர்வும் வந்தது. நான் படித்தேன், அவள் சொன்னாள், நான் கிளிக் செய்தேன். அதில் எத்தனை சரி, எத்தனை தவறு என்று இன்று வரை எனக்குத் தெரியாது. வகுத்துப் பார்க்காமலே இருக்க அதற்குள் பழகிவிட்டிருந்தேன்.

அதில் அவள் தேறினாள். இப்போது தினமும் காலையில் தாம்பரத்திலிருந்து ரயில் ஏறி வேலைக்குப் போகிறாள். முடிவு வந்த அன்று என்னைக் கூப்பிட்டது அவள் அல்ல, அவள் அம்மா. பின்னணியில் கேன்டீன் பாத்திரச் சத்தம் கேட்டது.

"பாஸாயிட்டாளாம்மா" என்றாள். பிறகு ஒரு கதவு சாத்தும் சத்தம் வந்தது. ஆள் இல்லாத இடத்துக்குப் போயிருக்க வேண்டும்.

"ஒண்ணு கேக்குறேன், மெய்யா சொல்லு. நீ ஒண்ணும் சொல்லலியே? முழுக்க அவ போட்டதுதானே?"

"ஆமாக்கா. முழுக்க அவ போட்டதுதான்."

அந்தப் பக்கத்திலிருந்து நெடுநேரம் அழுகைச் சத்தம் மட்டும் கேட்டது. நானும் போனை வைக்காமல் அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.

இப்போதும் யாருக்காவது உதவப் போகும்போது என் கை தானாக எங்கே முந்துகிறது என்று ஒரு கணம் பார்த்துக்கொள்கிறேன். நான் நல்லது செய்கிறேன் என்று எனக்கு ரொம்பவே உறுதியாகத் தோன்றுகிற நேரங்களில்தான் அதை அதிகம் பார்க்க வேண்டியிருக்கிறது.